கிளாக்கருக்குக் குத்திய பதக்கம்

என் மேசையில் உன் பதக்கம் கிடக்கிறது. வெள்ளி துலக்குகிற பசையின் மணம் இன்னும் அதிலிருந்து போகவில்லை. உன் விரல்களிலும் எப்போதும் அந்த மணம்தான். செத்தும் என்னை நிம்மதியாக இருக்க விடுகிறாய் இல்லையடா.

யாழ்ப்பாணக் கச்சேரி என்கிற அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்து, பென்சன் எடுக்க முன்னமே ஓடிவந்து, ஜெர்மனியில் கோப்பை கழுவி, பிறகு ரொறன்ரோவில் கந்தோர்கள் கூட்டித் துடைத்தவன் நீ. கோப்பை கழுவிய காலத்தில் அங்கத்தைய பழஞ்சாமான் சந்தையில் பிடித்த பைத்தியம் இது. அந்தக் காலத்து ஜெர்மன் சிற்றரசர்கள், நெடுங்காலம் உத்தியோகம் பார்த்தவர்களுக்குக் குத்திவிட்ட பதக்கங்களை வாங்கிச் சேர்ப்பது! மோர்னிங்சைட்டில் உன் வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணி ஆறிவிடும், உன் விளக்கம் முடியாது. பவேரியாவின் பதக்க நாடாவை சாக்சனியுடையது என்று ஒருமுறை சொல்லிவிட்டேன். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை நீ.

ஆரோ வாங்கின பதக்கத்துக்கு ஏன் காசைக் கரியாக்குகிறாய் என்று ஏசினேன்.

"கிளாக்கருக்கும் மெடல் குத்தின ராசாக்கள் இருந்திருக்கிறாங்கள், மச்சான்," என்றாய்.

உன் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு உன் மகன் நினைவுமலர் அடித்தான். பெட்டியில் இந்தப் பதக்கத்தைக் கண்டிருக்கிறான். என்னிடமாவது ஒரு வார்த்தை கேட்டானா? 'நெடுங்காலச் சேவைக்காக ஜெர்மன் மன்னரால் பதக்கம் சூட்டப்பெற்றவர்' என்று உன் படத்துக்குக் கீழே போட்டுவிட்டான். அந்த மன்னர்கள் முதலாம் உலகப்போரோடு முடியிழந்தவர்கள். அப்போது உன் அப்புவே தவழ்ந்துகொண்டிருந்திருப்பார். மண்டபத்தில் மலரை வாசிக்கிற பொறுப்பு எனக்கு. அந்த வரியை விட்டுவிட்டுத்தான் வாசிப்பேன் என்று உன் மனிசியிடம் கோபமாகச் சொன்னேன்.

"அண்ணை, அவருக்கு ஒருத்தரும் ஒண்டும் குடுக்கேல்லை. உந்த ஒரு வரி கிடக்கட்டும்," என்றார்.

நான் என்னதான் செய்ய? ஒரு நாடாவுக்கே முகத்தைத் திருப்பினவன், மாலை போட்ட படத்திலிருந்து என்னை முறைத்தாய். உன் பக்கம் பாராமல் அந்த வரியை வாசித்தேன், கொஞ்சம் உரத்தே.

அதோடு முடிந்ததா? உன் மனிசி பதக்கத்தையும் என் தலையில் கட்டிவிட்டார். மரக்கறி வாங்கப் போனாலும், மண்டபத்துக்கு வந்தவர்கள் மறித்து, எந்த ராசா குத்தினவர் என்று கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லலாம்தான். பிழையாகச் சொன்னால் நீ பொறுக்கமாட்டாய்.

"ஆள் இப்ப இல்லை. நல்ல மனிசன்," என்று சொல்லிவிட்டு வருகிறேன்.