புரொபசர் கை மஞ்சள்

பம்பாய்
26.10.85

அப்பாவுக்கு, உங்க தீர்த்தம்மாள் கும்பிட்டு எழுதறேன். நான் சுகமா இருக்கேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலாங்களா?

கண்ணாடியில வெள்ளியைப் பொடிப்பொடியா படிய வெச்சா, அதுமேல தடவுற சாயம் ஊதா வெளிச்சத்துல பலமடங்கு ஒளிரும். அதுதாங்க என் ஆராய்ச்சி. தசரா பூஜையில மெஷினுக்கெல்லாம் மஞ்சள் பூசின கையோட புரொபசர் என் கண்ணாடியையும் தொட்டுட்டார். மறுநாள் அது ஜெகஜோதியா ஒளிர்ந்துச்சு. மனுசன் குதிக்கிறார்! “சார், ஒளிர்றது உங்க கை மஞ்சள்”னு சொன்னேன். “கட்டுரை அனுப்பியாச்சு, வாயை மூடு”ங்கறார். அதுல என் பேரும் இருக்குதாம்! அவர் பொய்க்கு நான் எதுக்குங்க கூட்டு?

நம்ம காட்டுல வெளைஞ்ச மஞ்சளை அரைச்சு ஒரு டப்பா அனுப்புங்க. வெள்ளியே இல்லாத கண்ணாடியில தடவி, அவர் கண்ணு முன்னாலயே ஒளிர வெக்கிறேன்.

இங்கத்துக் கடை மஞ்சளும் ஒளிரும்தான். ஆனா அதைப் போட்டு ரசம் வெச்சா நம்ம வூட்டு வாசனை வரலீங்க.

தீர்த்தம்மாள்