பால் பொங்கிய வியாழக்கிழமை

ரீச்சர்,

இன்று காலை என் வீட்டில் பால் அடிப்பிடித்துவிட்டது. அடுப்பை விட்டு அகன்று, சுவரிலிருந்த நாட்காட்டியில் ஒரு குறிப்பைச் சரிபார்க்கப் போனேன். திரும்புவதற்குள் பால் பொங்கி, கண்ணாடி அடுப்பின்மேல் வழிந்து, கருகி, புகை எச்சரிப்பான் அலறத் தொடங்கிவிட்டது. துவாயால் விசிறிக்கொண்டு நின்றவன், அந்தக் கருகல் மணம் மூக்கில் ஏறியதும், விசிறுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். மணி தன்பாட்டில் அலறிக்கொண்டிருந்தது.

நாட்காட்டியில் நான் பார்த்தது உங்கள் திதியை. திருக்கணிதப்படி அது நேற்றே முடிந்துவிட்டது. வாக்கியப்படி இன்று. யாழ்ப்பாணத்திலிருந்து நாங்கள் இந்தக் குளிர்நாட்டுக்குக் குளிருடுப்பு இல்லாமல் வந்தோம். ஆனால் இந்த இரண்டு பஞ்சாங்கங்களையும் அவற்றின் சண்டையையும் மறவாமல் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம் என்று நீங்கள் கேலி செய்வீர்கள். நீங்கள் மட்டக்களப்பார். ஆனாலும் வாக்கியத்தை விட்டுக்கொடுக்க மாட்டீர்கள். நான் திருக்கணிதக்காரன், கணக்குப் பிழைத்தால் கடவுளுக்கும் பிழைக்கும் என்று நம்புகிறவன்.

நீங்கள் முதன்முதலில் எங்கள் முதியோர் சங்கத்தில் எழுந்து பேசியது, பெப்ரவரி மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில். வெக்ஸ்போர்ட்டில் பழைய கம்பளக் கடை ஒன்றை வாங்கி நாங்கள் மண்டபமாக்கியிருந்தோம். முன்பாதியில் கூட்டமும் பஜனையும். பின்பாதியில் துரையண்ணையின் தலைமையில் நாள்தோறும் முந்நூற்றிநாலு சீட்டாட்டம். அந்தப் பின்பாதியைத்தான் நீங்கள் கேட்டீர்கள். குழந்தைப் பராமரிப்புக்கு இடமில்லாத பகுதிகளில் உரிமம் பெற்ற புதிய இடங்களை உருவாக்க அரசாங்கம் மானியம் வழங்குகிறது என்றும், நம் பின்மண்டபத்தில் பெரிய சன்னல்களும் வெளியே வேலியடைக்கக்கூடிய முற்றமும் இருப்பதாகவும், விண்ணப்பிக்கச் சங்கம் இணங்கினால் போதும் என்றும் சொன்னீர்கள். இந்த விடயம் நிகழ்ச்சிநிரலில் இல்லை என்று, செயலாளர் என்ற முறையில், நான் எழுந்து ஆட்சேபித்தேன்.

துரையண்ணைக்கு நிகழ்ச்சிநிரல் தேவைப்படவில்லை.

“ரீச்சர், அறுபது வயதுக்கு மேற்பட்ட ஆக்களுக்குத்தான் இஞ்ச இடம். சின்னப் பிள்ளையளை எந்தக் கணக்கில சேர்க்கிறது?”

“அண்ணை, நீங்க துரும்புக்குச் சண்டை பிடிக்கிற சத்தம் வாசலுக்குக் கேக்குது. இங்க ஏற்கெனவே பாலர் வகுப்பு நடக்குது எண்டுதான் நான் நினைச்சன்.”

மண்டபம் சிரித்து அடங்கியபின், பக்கத்திலிருந்த பெண்ணை எழுப்பி நிறுத்தினீர்கள். சுபா. அஜின்கோர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பிள்ளைப்பேற்று விடுப்பு அடுத்த வசந்தத்தில் முடிகிறது. மாமியார் இருப்பது தூரத்து ஸ்ரௌவ்வில்லில். விடியற்காலை வேலைக்குப் போகுமுன் பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டுவர அவளிடம் காரும் இல்லை, அங்கே அந்நேரத்தில் பஸ்ஸும் இல்லை. “ஏப்ரல் முதல் கிழமை நான் வேலைக்குத் திரும்பேல்லையெண்டா, என்ர இடம் போயிடும் அங்கிள்,” என்று என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். நம்மைப் போன்ற முதியவர்களைக் குளிப்பாட்டி உணவூட்டும் பெண், தன் பிள்ளைக்கு ஒரு நாற்காலி கேட்டு நம் முன் நின்றாள். துரையண்ணை சீட்டுக்கட்டை அடுக்கிச் சட்டைப்பையில் வைத்தார். தீர்மானம் நிறைவேறியது. நிகழ்ச்சிநிரலை நான் பின்னர் திருத்திக்கொண்டேன்.

மானியம் கிடைத்தது. விதிமுறைகளை நான் கதைப்புத்தகம்போல் வாசித்தேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள், அது உண்மைதான். சன்னல் கண்ணாடி எவ்வளவு வேண்டும், அலுமாரி நிற்கும் தரையை விளையாடும் தரையாகக் கணக்கிடக் கூடாது, கைகழுவும் தொட்டி யாருடைய உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பதெல்லாம் எழுதிவைத்த ஒரு நாட்டில் வாழ்கிறோமே என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. ஆனால் ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு என்னை உறுத்தியது. மறுவருட மார்ச் மாதம் முடிவதற்குள் உரிமம் கைக்கு வராவிட்டால் மானியம் இரத்தாகும். பெற்றதையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுவரை ஏற்கெனவே இடித்துவிட்டோம். துரையண்ணையின் மேசை நின்ற இடத்தில் முழங்கால் உயரத் தொட்டிகள் வரிசையாக நின்றன.

உரிம அதிகாரியின் இறுதிப் பார்வை, மார்ச் நான்காம் வாரத்து வியாழக்கிழமை என்று அறிவித்தல் வந்தது. அதற்கு முன் புது இடத்தில் பால் காய்ச்ச வேண்டும். அதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடில்லை. நாளில்தான் வேறுபாடு. திருக்கணிதம் புதன்கிழமையைக் காட்டியது. வாக்கியம் வியாழனை.

“அதிகாரி வாற அண்டைக்கா ரீச்சர்? புதன்கிழமை காய்ச்சி, துடைச்சு, சுத்தமாக்கி வைப்பம்.”

“அந்தப் பிள்ளையும் ஒரு வாய் பால் குடிச்சிட்டுப் போகட்டுமே செயலாளரையா. நல்ல காரியத்துக்கு வாற ஆள வெறும் வாயோட அனுப்புறதா?”

நான் விட்டுக்கொடுத்தேன். ஆனால் திசை விடயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. பால் கிழக்கே வழிந்தால் நன்மை, தெற்கே வழிந்தால் தீது. நான் திசைகாட்டியோடு வந்து, அடுப்பின் எந்தப் பக்கம் கிழக்கென்று சிறு நாடா ஒட்டினேன். ஊரில் மூன்று கல் வைத்து விறகடுப்பில் பொங்கும்போது பால் வழிந்தால் சாம்பல் ஏந்திக்கொள்ளும். மின்னடுப்பு ஏந்திக்கொள்ளாது, எரிக்கும் என்பது, இத்தனை விதிகளையும் மனப்பாடம் செய்திருந்த எனக்கும் தோன்றவில்லை. இந்த நாட்டில் எத்தனையோ பால் காய்ச்சியிருந்த உங்களுக்கும் தோன்றவில்லை. புத்தம்புதுக் கட்டடத்தில், புத்தம்புது எச்சரிப்பானின்கீழ், பாலை நாம் வேண்டுமென்றே பொங்கவிட்டோம். சுற்றி நின்று கைதட்டவும் செய்தோம்.

மணி அலறியபோது அதிகாரி வாசலில் காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அடுத்து நடந்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். பால் காய்ச்சலுக்கு வந்திருந்த தாய்மார் பிள்ளைகளைத் தேடி அங்குமிங்கும் ஓடினார்கள். சீட்டாட்டக்காரர்கள் மேலங்கிகளைத் தேடினார்கள். நீங்கள் அடுப்பை அணைத்தீர்கள். பிறகு கொக்கியில் தொங்கிய அந்தக் கயிற்றை எடுத்தீர்கள்: பிள்ளைகள் ஊர்வலமாக நடக்கும்போது பிடிப்பதற்கென்று பல நிற வளையங்கள் கோத்த கயிறு. யாரையும் மகனே என்று விளிக்கும் உங்கள் ஊர்ச் சொல்லோடு தொடங்கினீர்கள், குரல் உயரவேயில்லை.

“மனே, ஆளுக்கொரு வளையம். ஓடப்படாது. நடப்பம்.”

பிள்ளைகள் பிடித்தார்கள். வளையங்கள் மிஞ்சின. நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

“நானும் பிடிக்கோணுமோ ரீச்சர்?” என்றார் துரையண்ணை.

“நீங்கதான் முதல்ல பிடிக்கோணும் அண்ணை. சீட்டுக்கட்டு எடுக்க உள்ள ஓடுற ஆள் நீங்க. செயலாளரையா, கடைசி வளையம் உங்களுக்கு. ஆரும் விடுபட்டாங்களா எண்டு பின்னால பாத்துக்கொண்டு வாங்க.”

அப்படித்தான், பழைய பனி இன்னும் ஓரங்களில் அழுக்காகக் கிடந்த வாகனத் தரிப்பிடத்துக்கு, பிள்ளைகளும் முதியவர்களுமாக ஒரே கயிற்றில் நாம் நடந்து போனோம். தீயணைப்பு வண்டி வந்தது. ஆறடிக்கு மேற்பட்ட ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அவரிடம் நீங்கள் கேட்ட முதற் கேள்வி, பால் எந்தப் பக்கம் வழிந்திருக்கிறது என்பது. அவர் விளங்காமல் கையை நீட்டிக் காட்டினார். கிழக்கு.

“பாத்தீங்களா,” என்று என் காதருகே சொன்னீர்கள். “என்ட பஞ்சாங்கம் பிழைக்கேல்ல.”

அதிகாரி மரியாதையாகவே பேசினார். ஆனால் தீயணைப்புப் பிரிவின் கடிதமும், மணியை மீண்டும் சோதித்த சான்றும் இல்லாமல் தம்மால் எதுவும் செய்ய முடியாது என்றார். அடுத்த வாரம் நேரம் கிடைப்பது கடினம் என்றும் சொன்னார். சுபா வாசற்படியில் அமர்ந்து தன் மகன் கவினின் சப்பாத்து நாடாவைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நடக்கப் பழகியிருந்த அவனோ, பக்கத்தில் அமர்ந்திருந்த என் மேலங்கிப் பொத்தானைப் பிடித்த பிடி விடவில்லை. அவன் என்னை அதற்குமுன் கண்டதுமில்லை.

“நான் அப்பவே சொன்னனான் ரீச்சர், நாள் சரியில்லையெண்டு.”

பொத்தானில் இருந்த அந்தக் கையை நீங்கள் பார்த்தீர்கள்.

“பிள்ளைக்கு நாள் தெரியாது செயலாளரையா. ஆள்தான் தெரியும்.”

மறுநாளிலிருந்து நீங்கள் தொலைபேசியை விடவில்லை. கடிதத்துக்காகத் தீயணைப்பு நிலையத்துக்கு நான் நேரிலே போனேன். மணியைப் பொருத்திய நிறுவனத்தாரை நீங்கள் வடையும் தேநீரும் கொடுத்தே வரவழைத்தீர்கள். அதிகாரிக்கும் மனமிரங்கியிருக்க வேண்டும். தமக்கு ஒரேயொரு காலை நேரம் இருப்பதாகச் சொன்னார். அந்த ஆண்டு மார்ச் மாதத்தின் கடைசி நாள் வெள்ளிக்கிழமையில் விழுந்தது. அன்றைக்கு, பதினொரு மணிக்கு.

நான் இரண்டு பஞ்சாங்கங்களையும் விரித்தேன். வாழ்நாளில் அவை இரண்டும் இவ்வளவு ஒற்றுமையாக நின்று நான் கண்டதில்லை. மரணயோகம். சுபகாரியம் ஆகாது. பதினொரு மணியோ நட்ட நடு இராகுகாலம். உங்களிடம் வந்து மெல்லிய குரலில் இதை அறிவித்தேன்.

“அப்ப மூண்டாவது பஞ்சாங்கத்தப் பாப்பம்,” என்று ஒப்பந்தத்தைத் தட்டிக் காட்டினீர்கள். “அரசாங்கம் எழுதினது. அதில அண்டைக்கு மட்டுந்தான் நல்ல நாள்.”

அதிகாரி அலுமாரிகளைத் திறந்தார், கட்டில்களை எண்ணினார், நீரின் சூட்டை அளந்தார். அடுப்பின் ஓரத்தில் நான் ஒட்டிய நாடா இன்னும் இருந்தது. அது என்னவென்று கேட்டார். கிழக்கு என்றேன். ஏதோ குறித்துக்கொண்டார். நண்பகலுக்குச் சற்று முன் உரிமத்தை உங்கள் கையில் தந்துவிட்டு, கதவடியில் திரும்பி, அந்தக் கயிற்றை எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டார். வேறு நிலையங்களுக்கும் சொல்ல வேண்டுமாம்.

திங்கட்கிழமை காலை சுபா கவினைக் கொண்டுவந்து விட்டாள். அவன் அழுதான், அவளும் அழுதாள், நீங்கள் அவளை வாசலால் வெளியே தள்ளி, “பஸ் போயிரும் மனே, ஓடு,” என்றீர்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டு நீங்களும் கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அதன்பின் உங்களுக்குக் கிடைத்த காலம் நான் கணக்கிட்டிருந்ததைவிடக் குறைவு. வைத்தியசாலையில் கடைசியாகப் பார்த்தபோது, பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டீர்கள். யாருக்குப் பல் முளைத்தது, யார் தாயை விட்டுவர இன்னும் அழுகிறார் என்று கேட்டீர்கள். உங்களுக்கு எப்படி என்று நான் கேட்க வந்தது முடியவேயில்லை. புறப்படும்போது சொன்னீர்கள்: “கடைசி வளையத்த விட்டிராதீங்க.”

விடவில்லை, ரீச்சர். பிள்ளைகளோடு இருக்க வேண்டுமானால் பொலிஸ் நற்சான்று வேண்டும் என்றார்கள். எழுபத்தொன்பதாவது வயதில் வரிசையில் நின்று, என்மேல் குற்றம் ஏதுமில்லை என்று எழுத்தில் வாங்கினேன். துரையண்ணை அதைக் கேட்டு, “சீட்டில கள்ளம் விடுறது உதில வராதோ?” என்றார். மாதத்துக்கு ஒருமுறை தீப் பயிற்சி. மணி அடிக்கும், கயிறு கொக்கியிலிருந்து இறங்கும், நான் கடைசியில்.

இன்று அந்தப் பயிற்சி நாள். உங்களுக்காகக் காய்ச்சிய பாலில் கருகாமல் மிஞ்சியதில் பாற்சோறு வைத்தேன். நிலையத்துக்குக் கொண்டுபோக முடியாது; வெளியுணவு கூடாது என்ற விதியைச் சுவரில் ஒட்டியவனே நான். ஆகவே உங்கள் படத்துக்கு முன் படைத்துவிட்டு வெறுங்கையோடு போனேன். என் திருக்கணிதம் சொன்ன நேற்றைய நாளில் நான் ஒன்றும் செய்யவில்லை. வாழ்க்கையில் முதன்முறையாக, கணக்குச் சரியென்று தெரிந்தும், யாரும் கேட்காமல் நானாகவே அதைத் தள்ளிவைத்தேன். உங்களுக்குரிய நாள் எது என்பதை நீங்களே தீர்மானித்திருந்தீர்கள். அதைத் திருத்த நான் யார்?

மணி அடித்தது. இப்போது கவினுக்கு அடுத்த வரிசையும் போய், அதற்கடுத்த பிள்ளைகள் வந்துவிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுமி. பெயரை இன்னும் நான் சரியாகப் பழகவில்லை. சத்தத்தில் மிரண்டு, தன் வளையத்தை விட்டுவிட்டு அழுதபடி பின்னால் வந்து நின்றாள். அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். என் வளையத்தில், என் விரல்களுக்கு மேலே, தன் கையை வைத்தாள்.

கதவைக் கடந்து நடந்தோம். பின்னால் யாரும் விடுபடவில்லை, பார்த்துவிட்டேன்.