தேனக்கா சொன்ன காரணம்

9.6, திங்கள்

பத்து மணிக்கே ஷெட்டின் தகரம் கொதித்தது. மின்விசிறி ஒன்றுதான் ஓடுகிறது.

இன்றைய பாட்டு:

மேரி அத்தை - இரண்டு பேர் மாறி மாறிப் பாடும் பழைய பாட்டு. காரணம்: "அவுக துபாய்லேர்ந்து பேசுறப்பப் பின்னால இதுதான் ஓடும். இப்பப் போனு வர்றதில்ல. பாட்டாவது வரட்டும்."

ராணியக்கா - குத்துப் பாட்டு. காரணம்: "இடுப்பு வலிக்குதுடி. ஆட முடியாட்டி கேக்கவாச்சும் செய்யணும்ல."

தேனக்கா - வயலினில் தொடங்குமே, அதே பாட்டு. ஐந்தாவது வாரமாக.

நான் - ஒன்றுமில்லை.

ஷெட்டில் இதுதான் வழக்கம். என்ன பாட்டு வேண்டுமானாலும் கேட்கலாம், ஏன் என்று சொல்லிவிட வேண்டும். அவர்கள் முந்திரிக்கொட்டை உடைக்கிறவர்கள். கையெல்லாம் தோலை அரிக்கும் கொட்டைப் பாலும், அதற்குப் பூசும் சாம்பலும். போனைத் தொட முடியாது. நான் பருப்பின் தோல் உரிக்கிறவள், என் கை மட்டும்தான் சுத்தம். அதனால் பாட்டு போடுவது நான். போடுகிறவளிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. பிளஸ் ஒன் பாதியில் என் படிப்பு நின்றபோது வீட்டில் எல்லோரும் அழுதார்கள். எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது, இனி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாம் என்று. இங்கேயும் அப்படித்தான்.

தேனக்கா எப்போதும் "நல்லாருக்கு, அதான்" என்பாள். இன்று ராணியக்கா விடவில்லை.

"நல்லாருக்குங்கிறது ஒரு காரணமாடி? ஒழுங்காச் சொல்லு. இல்லாட்டி கௌசி போட மாட்டா."

தேனக்கா தலையை நிமிர்த்தாமல், கொட்டையை உடைத்துக்கொண்டே சொன்னாள். போன வருடம் மகளுக்குக் காய்ச்சல், புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று கிளம்பினாளே, அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கே போகவில்லையாம். மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டாளாம், ஒரேயடியாகப் போய்விடுவது என்று. பிள்ளை வாந்தி எடுத்ததால் திருமயத்தில் இறங்கினாளாம். டீக்கடையில் இந்தப் பாட்டு.

"இது முடியறதுக்குள்ள அங்கிட்டுப் போற பஸ்ஸு வந்தாப் போயிடுறது, இங்கிட்டு வர்ற பஸ்ஸு வந்தாத் திரும்பிடுறதுன்னு நெனச்சேன். இங்கிட்டுத்தான் வந்துச்சு."

பிறகு ராணியக்கா, "கிறுக்கச்சி, ரெண்டு பஸ்ஸும் ஒண்ணா வந்திருந்தா?" என்றாள். எல்லோரும் சிரித்தோம். தேனக்காவும்தான். பாட்டைப் போட்டேன்.

சாயங்காலம் வழக்கம்போல, ஷெட்டில் என்னோடு தோல் உரித்த பிரியா அக்காவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பிள்ளை பெற்று நான்கு மாதமாக வீட்டில் இருக்கிறாள். பாட்டும் பேச்சும் இல்லாமல் பைத்தியம் பிடிக்கிறது என்றாள் ஒருநாள். அதிலிருந்து யாராவது காரணம் சொன்னால் பதிவு செய்து அனுப்புகிறேன். ஷெட்டில் யாருக்கும் தெரியாது. மறைக்கவில்லை. சொல்லத் தோன்றவில்லை.

10.6, செவ்வாய்

மழை வருவதுபோல் இருந்தது, வரவில்லை. தேனக்காவும் வரவில்லை.

செருப்பு அறுந்தது. ஊக்கு குத்தி ஓட்டியாயிற்று.

11.6, புதன்

தேனக்காவின் வீட்டுக்காரர் பைக்கில் வந்தார். ஷெட் கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அன்னைக்கு ஆஸ்பத்திரின்னு சொன்னவ திருமயத்துல நின்னிருக்கா. பஸ்ஸு, பாட்டு எல்லாம் எங்காத்தா சொல்லித்தான் எனக்குத் தெரியுது. இங்க இருக்க எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், என்னங்க? எனக்கு மட்டும்தான் தெரியாது."

அவர் போய்விட்டார்.

மேரி அத்தை ராணியக்காவைப் பார்த்தாள். ராணியக்கா வீடும் தேனக்கா மாமியார் வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு.

"ஒரே சுவரு. வாயி மட்டும் ஒட்டாம இருக்குமா?"

"என்னையவா சொல்றீங்க? எம் பிள்ளைங்க மேல சத்தியமா..."

"பிள்ளைகள இதுல இழுக்காத."

அதன்பிறகு பாட்டு இல்லை. கொட்டை உடைபடும் சத்தம் மட்டும். என் கையில் பருப்பு இரண்டாக இரண்டாக உடைந்தது. முழுப்பருப்பு தேறவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பிரியா அக்காவுக்குப் போன். திங்கட்கிழமை வாய்ஸை வேறு யாராவது கேட்டார்களா என்றேன்.

"ஆமாடி கௌசி, பிள்ளயக் குளிப்பாட்டிக்கிட்டே ஸ்பீக்கர்ல போட்டேன். எம் மாமியா அடுப்படில நின்னாக. அவுகளும் தேனு மாமியாவும் அக்கா தங்கச்சில்ல? நான் யோசிக்கவே இல்லடி. ஏன், என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்று வைத்துவிட்டேன்.

அந்த வாய்ஸை இரண்டு பக்கமும் அழித்தேன். அழித்த இடத்தில் அழிக்கப்பட்டது என்று ஒரு வரி நிற்கிறது. அதை அழிக்க முடியவில்லை.

12.6, வியாழன்

ராணியக்கா பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குத் தனியாகப் போனாள். அவள் கொண்டுவந்த மாங்காய் ஊறுகாயை யாரும் தொடவில்லை. நானும் தொடவில்லை. எல்லாரையும் விட நான் தொட்டிருக்க வேண்டும்.

சொல்ல வேண்டியது நான்கே வரி. காலையிலிருந்து மனதுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்:
நான்தான் பதிவு செய்தேன்.
பிரியா அக்காவுக்கு அனுப்பினேன்.
அவள் மாமியார் கேட்டுவிட்டார்.
ராணியக்கா இல்லை.

மூன்று மணிக்கு வாயைத் திறந்தேன். "தண்ணி வேணுமா?" என்று கேட்டேன்.

வேலை முடிந்து கை கழுவும்போது ராணியக்கா யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "திங்கக்கிழமையிலேர்ந்து நான் வரல. ஆலங்குடியில வேற ஷெட்டு பாத்துக்கிறேன்."

13.6, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

டீ நேரம். எழுந்து நின்றுதான் சொன்னேன், ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. நான்கு வரி மாறி மாறி வந்தது, ராணியக்கா இல்லை என்பது முதலில் வந்துவிட்டது.

மேரி அத்தை, "பதிவு பண்ணியா? எங்க எல்லாரயுமா?" என்றாள். ஆமாம் என்றேன். "என் துபாய்ப் பேச்சுமா?" ஆமாம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதை நான் நினைக்கவே இல்லை. தேனக்காவுடையது மட்டும்தான் தப்பு என்று நினைத்திருந்தேன்.

ராணியக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். மெதுவாகத்தான் கேட்டாள்.

"நேத்து முழுக்க நான் மரத்தடியில தனியாச் சாப்புட்டதப் பாத்துக்கிட்டுத்தானேடி இருந்த?"

இதற்கும் ஆமாம்தான். தலையை ஆட்டினேன்.

"எங்ககிட்டச் சொல்லி என்ன? அவகிட்டப் போய்ச் சொல்லணும். நாளைக்கு என் கூட வர்ற."

அம்மாவிடம் சொல்லவில்லை.

14.6, சனி

மதியத்தோடு வேலை முடிந்தது. ராணியக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். ஓடிவிடுவேன் என்று நினைத்தாளோ என்னவோ. நினைத்தது சரிதான்.

தேனக்காவின் வீட்டுக்காரர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். தேனக்கா உள்ளே முறம் வைத்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. அழுததாலா என்று உற்றுப் பார்த்தேன். அழுததால்தான்.

நான்கு வரியையும் சொன்னேன். இந்த முறை வரிசையாக வந்தது. தேனக்கா முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீயா?" என்றாள். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை எங்கே எழுதி வைப்பது.

வீட்டுக்காரர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். "அந்தப் பாட்டு ஒங்கிட்ட இருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

ராணியக்கா, "அண்ணே, சின்னப்பிள்ள, விடுங்க" என்றாள்.

"அடிக்கவா போறேன்? பாட்டு கேக்குறேன்."

நான் தேனக்காவைப் பார்த்தேன். இந்தத் தடவை கேட்காமல் செய்யக் கூடாது. அவள் என்னைப் பார்க்கவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "போடு கௌசி. கேக்கட்டும்."

போட்டேன். வயலின். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றே கேட்டார். மகள் பின்வாசலிலிருந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போனாள். ஷெட்டில் அது சின்னப் பாட்டு. இங்கே முடியவே மாட்டேன் என்றது.

முடிந்தது.

"இம்புட்டு நேரத்துக்குள்ளயா முடிவு பண்ணுன?"

"முடிவு பண்ணி ரெண்டு வருசம் ஆச்சு. பஸ்ஸுதான் அன்னைக்கு ஏறுனது."

அவர் துணியைத் தோளிலிருந்து எடுத்தார், மறுபடி போட்டார். பிறகு கேட்டார்: "ஏன்?"

தேனக்கா சுவரோரம் நகர்ந்து இடம் விட்டாள். "ஒக்காருங்க. சொல்றேன்." எங்களைப் பார்த்து, "நீங்க போங்க" என்றாள்.

வெளியே வந்தோம். கதவைச் சாத்தவில்லை. தேனக்காவின் குரல் தெருவரைக்கும் கேட்டது, அந்தக் குரலை நான் ஷெட்டில் கேட்டதே இல்லை. என் கால் தானாக நின்றுவிட்டது.

"வாடி" என்று ராணியக்கா பிடித்து இழுத்தாள்.