சிவப்புப் பொட்டு வைத்த அண்டா

நெய்வேலி
22-1-1992

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை லோகநாயகி எழுதுவது. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக்கொடுத்த முறுக்கு பஸ்ஸிலேயே தீர்ந்துவிட்டது.

பொங்கலன்று சண்டை வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடையில் பாதி அண்டாக்களுக்கு ஏன் சிவப்புப் பெயிண்டில் பொட்டு வைத்திருக்கிறாய் என்று கேட்டதற்கு, "அது காலனிக்குப் போற செட்டு. கலந்துடக் கூடாதில்ல" என்றாய். எது எதோடு கலந்துவிடும்?

அப்பா முப்பது வருஷம் அந்த வாடகைப் பாத்திரக் கடையை நடத்தினார். யார் வந்தாலும் முதல் கேள்வி, "இன்னா விசேஷம்?" கல்யாணம் என்றால் சிரிப்பார். சாவு என்றால் வாடகை பேசாமல் தானே பாத்திரங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். பாத்திரம் திரும்ப எடுக்கப் போன வீட்டில் சாப்பிடாமல் வரமாட்டார், அது காலனியாக இருந்தாலும். அவரோடு வண்டி தள்ளிய ஏசுபாதம் மகள் கல்யாணத்துக்குச் சோறு வடித்த அண்டாவில்தான் மறுநாள் தட்சிணாமூர்த்தி மாமா வீட்டு வளைகாப்புக்கும் வடித்தார்கள். யாருக்கும் வயிறு வலிக்கவில்லை.

மாசியில் அப்பாவின் முதல் வருஷத் திதிக்கு வருவேன். அதற்குள் அந்தப் பொட்டை அழித்துவிடு.

அன்புத் தங்கை,
லோகநாயகி

செம்பாக்கம்
3-2-1992

அன்புத் தங்கைக்கு,

இங்கு அம்மாவும் குழந்தைகளும் நலம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

நீ குவார்ட்டர்ஸில் உட்கார்ந்துகொண்டு என்ன வேண்டுமானாலும் எழுதலாம். கடையில் உட்கார்ந்திருப்பவன் நான். நீ சொன்ன அதே தட்சிணாமூர்த்தி மாமாதான் வந்து, "உங்கப்பன் மூஞ்சிக்காகப் பொறுத்துகினு இருந்தோம்பா. இனிமே அங்க போற அண்டா எங்க வூட்டுக்கு வரக் கூடாது" என்றார். கிழக்குத் தாம்பரத்தில் புதிதாக ஒரு கடை வந்திருக்கிறது. எல்லாரும் அங்கே போய்விட்டால் நான் என்ன செய்வது? காலனிக்குத் தரமாட்டேன் என்றா சொன்னேன்? ஏசுபாதமே ஒன்றும் கேட்கவில்லை, உனக்கு என்ன?

அப்பா பெயரை நான் கெடுக்கவில்லை. பலகையில் இன்னும் 'தனக்கோடி' என்றுதான் இருக்கிறது. திதிக்குப் போஸ்டர் அடிக்கிறேன். 'சாதி பார்க்காத வள்ளல்' என்று போடச் சொல்லியிருக்கிறேன். தாம்பரம் ஸ்டேஷன் வரை ஒட்டுவேன்.

முதல் நாளே வந்துவிடு. அம்மா உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அண்ணன்,
சம்பத்

நெய்வேலி
2-3-1992

அண்ணனுக்கு,

திதிக்கு நான் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். வந்தேன். உன் வீட்டுக்குத்தான் வரவில்லை.

அன்று மத்தியானம் காலனியில் அப்பா படம் வைத்துச் சாப்பாடு போடுகிறோம் என்று ஏசுபாதம் கார்டு போட்டிருந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அங்கே போனேன். வழியெல்லாம் உன் போஸ்டர். படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். பக்கத்தில் மூன்று அண்டா. மூன்றிலும் சிவப்புப் பொட்டு.

"என்னண்ணா இது, அப்பாவுக்குமா?" என்று ஏசுபாதத்திடம் கேட்டேன்.

அவர் சிரித்தார். "நேத்து கடைக்குப் போயி அண்டா வேணும்னேன். உங்கண்ணன் போஸ்டர் பாத்துகினு இருந்தாரு. இன்னா விசேஷம்னு கேக்கல. 'அந்தாண்ட கீது, எடுத்துக்கோ'ன்னு கைய காட்டுனாரு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேம்மா."

பெற்ற அப்பனின் திதிச் சோற்றுக்கே ஒதுக்கி வைத்த பாத்திரத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறாய். போஸ்டரில் வள்ளல், அண்டாவில் பொட்டு. இரண்டும் உன் கையால்தான்.

அம்மாவும் அங்கே வந்திருந்தாள். வீட்டில் படையல் முடிந்ததும், மாடம்பாக்கம் கோயிலுக்குப் போவதாக உன்னிடம் சொல்லிவிட்டு வந்தாளாம். எல்லாரோடும் பந்தியில் உட்கார்ந்து, இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"அண்ணன் கேட்டா என்ன சொல்லுவே?" என்று அம்மாவிடம் கேட்டேன். "நான் எதுக்குச் சொல்லணும்? நீயே எழுதிப் போடு. நானும் அந்த அண்டாச் சோத்தைத் தின்னேன்னு எழுது. இனிமே எனக்கு எந்தத் தட்டுல போடறதுன்னு அவனே முடிவு பண்ணட்டும்" என்றாள்.

எழுதிவிட்டேன்.

தனக்கோடி மகள்,
லோகநாயகி