கொலு விமானத்தில் இரண்டு ஓட்டை

புரட்டாசி 11, திங்கள்

காலையிலிருந்து தூறல். பூசியது எதுவும் காயவில்லை. கிருஷ்ணருக்கு நீலம் இரண்டாம் பூச்சு பாக்கி. செட்டியார் பொம்மைக்குத் தொப்பை இன்னும் ஈரம்.

விமான வேலை மட்டும் நடக்கிறது. தெற்கு மாட வீதி விசாலம் அம்மா கொலுவுக்குக் கேட்டது. (இனி வி. அம்மா. கை வலிக்கிறது.) அவர்கள் பிள்ளை சண்டையில் விமானம் ஓட்டுகிறான். அவன் விமானத்தின் பக்கத்தில் நிற்கிற போட்டோ கொடுத்தார்கள். அதில் நூல் பிடித்து அளவு எடுத்தேன். இறக்கை ஏழு பிள்ளை நீளம், உடம்பு ஐந்தரை பிள்ளை. கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய ஆசாரிக்குச் சிரிப்பு. "அடிக்கணக்கு கேட்டா பிள்ளைக்கணக்கு சொல்றியே, அஞ்சலை."

முழுக்க வெள்ளிப் பூச்சு ஆயிற்று. மேலே பச்சையும் மண் நிறமும் திட்டுத் திட்டாக.

வாங்க: வஜ்ரப் பசை, விளக்கெண்ணெய், உப்பு.

புரட்டாசி 12, செவ்வாய்

கொஞ்சம் வெயில். கொழுந்தன் கண்ணன் வந்தான். மீனம்பாக்கத்தில் விமானம் கழுவுகிற வேலை. "இன்னிக்கு எத்தனை ஏரோப்ளேனுக்குத் தலை வாரிப் பூ வெச்சே?" என்று கேட்டேன். விமானத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

"இன்னா அண்ணி, கல்யாணப் பொண்ணு மாதிரி கீது. பறந்து வந்தது இப்டியா இருக்கும்? புகைக்குழாய் பின்னால கரி அப்பிக்கினு இருக்கும். ஏறுற எடத்துல பூட்ஸ் தேய்ச்சு பெயிண்ட்டே இருக்காது."

அப்படியே செய்தேன். விளக்குக் கரியில் எண்ணெய் குழைத்து, குழாயிலிருந்து பின்பக்கமாகச் சுண்டு விரலால் ஒரே இழுப்பு. கால் வைக்கிற இடத்தில் பச்சையை நகத்தால் சுரண்ட, அடியில் வெள்ளி தெரிந்தது. சக்கரத்துக்குச் செம்மண். இருபது வருஷம் பளபளவென்று பூசிய கைக்கு அழுக்கு பூசுவதில் இத்தனை குஷி.

"ஒண்ணு குண்டு பட்டு ஓட்டையோட வந்து நின்னுச்சு" என்றான் போகும்போது.

அவன் போனதும் கோணி ஊசியை அடுப்பில் காய்ச்சி இடது இறக்கையில் இரண்டு ஓட்டை. சுற்றிக் கரி. யாரும் கேட்கவில்லை. எந்த மாமி முதலில் கண்டுபிடிக்கிறாள் பார்ப்போம் என்று ஒரு விளையாட்டு.

புரட்டாசி 13, புதன், அமாவாசை

சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வி. அம்மா இரண்டு கையிலும் ஏந்தி வாங்கினார். சுரண்டிய இடத்தைத் தடவினார். "இங்கதான் காலை வெச்சு ஏறுவானா?"

"ஆமாங்கம்மா. ஊட்ட நெனச்சுக்கினே ஏறுவாரு."

சிரித்தார். இருட்டிவிட்டது, ஓட்டை கண்ணில் படவில்லை. மூன்றாம் படியில் வைத்தார். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு.

புரட்டாசி 15, வெள்ளி

எழுதவே கூசுகிறது.

கொலு யானைக்குத் தந்தம் வெளுக்க வி. அம்மா வீட்டுக்குப் போனேன். கூடம் நிறைய மாமிகள். எதிர் வீட்டுப் பங்கஜம் மாமி படிக்கட்டின் முன்னால் குனிந்தாள்.

"அடியே விசாலம், இறக்கையில ஓட்டைன்னா இருக்கு. கொலுவுல மூளி வெப்பாளோ?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வைத்த பொம்மையை விஜயதசமி வரை நகர்த்தவும் கூடாது. இத்தனை வருஷம் பொம்மை விற்றவளுக்கு இது தெரியாதா? விளையாட்டுப் புத்தியில் நினைப்பே வரவில்லை.

"யார் பண்ணின வேலை?" என்றாள் மாமி.

எல்லார் கண்ணும் என் மேல். தெருவில் பாதி வீடு என்னிடம் வாங்குகிறது. சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "அம்மாதான் அப்டி கேட்டாங்க."

வி. அம்மா என்னை ஒரு தரம் பார்த்தார். "ஆமா, நான்தான் சொன்னேன்."

எனக்கும் சுண்டல் கொடுத்தார். வாங்கினேன். தின்றேன்.

புரட்டாசி 16, சனி

மழை. பங்கஜம் மாமி குடையோடு வந்தாள், செட்டியார் பொம்மை வாங்க.

"பிள்ளைகிட்டேர்ந்து நாலு மாசமா லெட்டர் இல்லை அவளுக்கு. அவ வாயாலேயே ஓட்டை போடச் சொல்லியிருக்காளே. புத்தி பேதலிச்சுடுத்தோ என்னமோ. நீயாவது மாட்டேன்னு சொல்லப்படாதோ?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். "நான் இன்னாங்க மாமி செய்றது" என்றேன்.

நாலு மாதம். நான் அங்கே நின்று, ஊட்ட நெனச்சுக்கினே ஏறுவாரு என்று கதை விட்டிருக்கிறேன்.

புரட்டாசி 17, ஞாயிறு

தூரிகை தொடவில்லை. சோறு குழைந்துவிட்டது. கண்ணன்: "இன்னா அண்ணி, வாய்க்குப் பூட்டு போட்டுக்கினியா?" எல்லாம் சொன்னேன். அவனும் சிரிக்கவில்லை. "அந்த ஓட்டை ஏரோப்ளேன் திரும்பி வந்துச்சு அண்ணி. வந்ததாலதான் நான் பாத்தேன்" என்றான்.

புரட்டாசி 18, திங்கள்

தெற்கு மாட வீதி வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். துணிச்சல் அவ்வளவுதான்.

புரட்டாசி 19, செவ்வாய்

மரத்தூளை வஜ்ரத்தில் பிசைந்து, பச்சையும் மண் நிறமும் கொட்டாங்குச்சியில் எடுத்துக்கொண்டு நாலு மணிக்குப் போனேன். படியிலிருந்து எடுக்காமலே அடைத்துவிடலாம் என்று கணக்கு. வி. அம்மா தனியாக வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் சொன்னேன். கண்ணன் சொன்னதையும். "அப்படியா" என்றார். இன்னொரு வெற்றிலையைத் துடைத்துவிட்டு மறுபடி, "அப்படியா."

"எல்லாரும் வந்ததும் அவுங்க முன்னாலயே சொல்லிடறேம்மா. ஓட்டையும் நான் போட்டது, பொய்யும் நான் சொன்னது."

"சொல்லாதே. அடைக்கவும் வேண்டாம்."

எனக்கு விளங்கவில்லை.

"முதல் நாள் வந்தவா அத்தனை பேரும் லெட்டர் வந்துதா, லெட்டர் வந்துதான்னு கேட்டா. வெள்ளிக்கிழமைலேர்ந்து ஓட்டையைப் பத்தித்தான் பேசறா. எனக்குப் பைத்தியம்னு பேசறா. பேசட்டும். அதைக் கேட்டுண்டு என்னால உக்காந்திருக்க முடியறது."

வாசலில் பேச்சுக் குரல். வி. அம்மா அவசரமாக என் பக்கம் திரும்பினார். "நீ எப்பவும் போல கேலி பண்ணிண்டே இரு, அஞ்சலை."

கொட்டாங்குச்சியை முந்தானைக்குள் மறைத்தேன். பங்கஜம் மாமிதான் முதலில் உள்ளே வந்தாள், இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு. உட்காரும் முன்பே, "ஏண்டி விசாலம்" என்று ஆரம்பித்தாள்.

"வாங்க மாமி, ரெண்டு ஓட்டையும் பத்திரமா கீது. எண்ணிப் பாத்துக்கினு ஒக்காருங்க" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வி. அம்மாவும் சிரித்தார். சுண்டல் எடுத்துவர உள்ளே போனார். வர வெகு நேரமாயிற்று.