ஏழாம் வீட்டில் பசுமாடு

1974 ஐப்பசி, புதன் இரவு

நித்திரை வரவில்லை. செய்தது சரியோ பிழையோ தெரியவில்லை.

நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு காகித மட்டை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். நான் யார், எனக்கு எதில் விருப்பம் என்று படங்கள் வெட்டி ஒட்டிக் காட்ட வேண்டும். பயிற்சிக் கலாசாலையில் படித்ததை ஒருநாளாவது செய்து பார்க்கும் ஆசை. ஆசைக்கு இன்று பலன் கிடைத்தது.

தோட்டம் செய்யும் கந்தையாவின் சின்ன மகள் வசந்தி, மட்டையின் நடுவில் தன் அக்காவின் சாதகத்தை ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். நாளைக்குப் பொருத்தம் பார்க்க மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டிய சாதகம். போதாக்குறைக்கு ஏழாம் வீட்டின் மேல் தகரப் பேணியில் வரும் ரின்பாலின் மேல்தாளில் வெட்டிய பசுமாடு.

மணியடிக்குமுன் கந்தையா சைக்கிளில் வந்து குதித்தார்.

"உதென்ன படிப்பு ரீச்சர்? பிள்ளையின்ரை கலியாணம் குழம்பப் போகுது!"

நான் வசந்தியைப் பார்த்தேன்.

"எனக்கு அக்காவிலைதான் விருப்பம். அவவின்ரை படம் வீட்டிலை இல்லை. உதிலை பேர் கிடந்தது, ஒட்டினன்."

"மாடு ஏனடி?" என்று கத்தினார் தகப்பன்.

"அந்தக் கட்டத்திலை செவ்வாய் இருக்கெண்டுதானே அம்மா ஒவ்வொரு நாளும் அழுறவ. அதுதான் மறைச்சனான்."

கந்தையா மட்டையை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ரீச்சர், கோந்து கிடக்கோ? மாட்டின்ரை வால் கிளம்பி நிக்குது."

போத்தலோடு கொடுத்துவிட்டேன்.