சனிக்கிழமைக் கையெழுத்து

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. கண்ணாடிக் கடை வேலையும் அப்படியே போகிறது. லென்ஸ் தேய்க்கும் மெஷின் மட்டும் பழசாகிவிட்டது, அதன் சத்தம் வீட்டுக்கு வந்த பிறகும் காதைவிட்டுப் போவதில்லை.

ஊருக்கெல்லாம் மின்னஞ்சல் சொல்லிக்கொடுத்தவள் தபால்தலை ஒட்டுகிறாளே என்று நீ சிரிப்பாய். போனில் சொல்லத்தான் மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் உன் குரலைக் கேட்டதும் மழை, வெயில், கடை என்று ஏதோ பேசிவிட்டு வைத்துவிட்டேன். தாளில் அப்படிப் பேச்சை மாற்ற முடியாது.

நம் கட்டற்ற மென்பொருள் சங்கம் இனி இல்லை. நீ இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்து மாடி அறையில் நாற்காலி போதாமல் ஜன்னல் கட்டையில்கூட ஆள் உட்கார்ந்திருக்கும். கட்டற்ற மென்பொருள் என்ற பலகையைக் கட்டணமற்ற என்று படித்துவிட்டு, ஏதோ தருகிறார்கள் என்று பையோடு வந்தவர்கள்தான் பாதி. விலை இல்லை என்பதல்ல, விலங்கு இல்லை, யாரும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் விஷயம் என்று நீயும் மாய்ந்து மாய்ந்து சொல்வாய். பையோடு வந்தவர்களில் சிலர் தங்கிவிடவும் செய்தார்கள். நானே அப்படி வந்தவள்தானே. நீ ஊரைவிட்டுப் போன பிறகு ஒன்பது பேர் ஆனோம், பிறகு நாலு பேர், கடைசியில் நானும் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கும். ரெண்டு பேருக்கு எதுக்கும்மா அவ்வளவு பெரிய அறை என்று நூலகர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. இப்போது அங்கே பழைய செய்தித்தாள் கட்டுகளை அடுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் ஆள் குறைந்ததால் சங்கம் முடியவில்லை. அதை முடித்தது நான்.

டயர் கடைக்குப் பின்னால் இருக்கும் குழந்தைகள் பிசியோதெரபி மையத்தில் நீ வைத்துக்கொடுத்த கம்ப்யூட்டரைத்தான் சொல்கிறேன். யாரோ தூக்கிப்போட இருந்ததை எடுத்து, நம் மென்பொருளைப் போட்டு, நீயும் மெக்கானிக்கும் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனீர்கள். நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். யாருக்கு முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, யார் எத்தனை அடி வைத்தார்கள் என்று பிசியோ மேடம் ஒவ்வொரு நாளும் அதில் குறித்துவைத்தார். மாதம் ஒரு தடவை சின்ன வீடியோவும் எடுத்துவைத்தார். நாலு வருடம்.

சனிக்கிழமை தோறும் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுக்கும் வேலையை, போகும்போது நீ என்னிடம் ஒப்படைத்தாய். பிரதி எடுத்ததும் சுவரில் ஒட்டிய அட்டவணையில் தேதி போட்டுக் கையெழுத்து. ஏழு மாதம் ஒழுங்காகச் செய்தேன். சத்தியமாகச் செய்தேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை பாதியில் நின்றுவிட்டது. ‘உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை’ என்று திரையில் தமிழில் வந்தது. அந்த வரியைத் தமிழாக்கியவளே நான்தான், தம்பி. நூலகத்து மாடியில் உட்கார்ந்து நாம் வரிவரியாக மாற்றினோமே, அதில் என் பங்குக்கு வந்த வரி. அர்த்தம் தெரியாமலே எழுதியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

உன்னைக் கேட்டிருக்கலாம். மெக்கானிக்கைக் கேட்டிருக்கலாம். தெரியாததைக் கேட்பதில் வெட்கம் இல்லை என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொன்னவள் நான். ஆனால், அம்பது வயசுல கத்துக்கிட்டாங்க, அக்காவைப் பாருங்க என்று நீ எல்லோரிடமும் என்னைத்தான் காட்டுவாய். அந்தப் பெயர் போய்விடுமோ என்று இருந்தது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்ப்யூட்டரை அணைத்தேன். அட்டவணையில் கையெழுத்தும் போட்டேன். அடுத்த வாரமும் அதே வரி, அதே கையெழுத்து. பிறகு அது பழகிப்போனது. டிஸ்க்கைச் சொருகுவேன், அதன் விளக்கு மினுங்கும். பிள்ளைகளோடு கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டுப் பிடுங்குவேன். நாற்பத்தாறு சனிக்கிழமை. மாதா மாதம் போனில், பிரதி ஓடுதாக்கா என்று நீ கேட்டாய். ஓடுது என்று சொன்னேன். இதைத்தான் மூன்று தடவை கூப்பிட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மேடம் கடைக்கு போன் செய்தார். கம்ப்யூட்டர் உள்ளே டக் டக் என்று அடிக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது என்றார். மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, உள்ளே இருந்த டிஸ்க் போய்விட்டது, பயப்படாதீர்கள், அதற்குத்தானே அக்கா வாராவாரம் பிரதி எடுக்கிறார் என்றார். வெளி டிஸ்க்கைச் சொருகினார். அதுவும் திறக்கவில்லை. அந்தப் பிழைச் செய்தி வேறொன்றுமில்லை, தான் செத்துக்கொண்டிருப்பதாக டிஸ்க் எனக்குச் சொல்லிய செய்தி. பழைய பிரதிகளும் அதோடு போயின. இரண்டையும் எடுத்துக்கொண்டு மெக்கானிக் ஐந்து மணி நேரம் பஸ்ஸில், கெட்டுப்போன டிஸ்க்கிலிருந்து விவரங்களை மீட்டுத்தரும் கடைக்குப் போனார். அங்கே திறந்து பார்த்தவர்கள், உள்ளே எல்லாம் கீறிப்போயிருக்கிறது, யாராலும் எதுவும் எடுக்க முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள்.

அவர் பஸ் ஏறிய மத்தியானம் மேடத்திடம் நான் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கொஞ்ச நேரம் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் ஒரு பையனை அவன் அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். மேடம் எழுந்து போய் அவன் முழங்காலை அளந்து, ஒரு புது நோட்டில் முதல் பக்கத்தில் தேதி போட்டு எழுதினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். நீங்க கெளம்புங்கக்கா, கடைக்கு நேரமாச்சு என்றார். அவ்வளவுதான்.

மையத்துக் கூட்டத்தில் செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார். இவங்க நல்ல மனசுல எந்தச் சந்தேகமும் இல்லை, ஆனா பொறுப்புன்னா நாளைக்குக் கூப்பிட்டுக் கேக்க ஒரு ஆள் வேணும் என்றார். ஒரு கம்பெனி மென்பொருளை வாங்கப் போவதாகச் சொன்னார். மெக்கானிக் விடவில்லை. பிரதி இல்லையென்றால் எந்தக் கம்பெனி மென்பொருளாக இருந்தாலும் போகத்தான் செய்யும் என்று வாதாடினார். கடைசியில் சுவரிலிருந்து அந்த அட்டவணையைக் கழற்றி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். பாருங்க, அக்கா ஒரு சனிக்கிழமைகூட விடல, காசு வாங்கறவன் இப்படி வருவானா, ரெண்டு டிஸ்க்கும் போனது எங்க போறாத காலம் என்றார். மேடம் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை, தம்பி. அந்த மனுஷன் தொண்டை கட்டிப்போகிற அளவு எனக்காகப் பேசினார், நான் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதோடு போயிருந்தால்கூட இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ.

அங்கே வாயாடி என்று ஒரு சிறுமி. நீ கிளம்பும் முன் இரண்டு வருடம் அவளைப் பார்த்திருக்கிறாய். கால் வேலை செய்யாததற்கும் சேர்த்து வாய் வேலை செய்யுது என்று அவள் அம்மாவே சொல்லிச் சிரிப்பாள். சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். பெரிய ஆஸ்பத்திரியில் வாயாடிக்குக் காலில் அறுவை சிகிச்சை செய்யலாமா என்று முடிவு செய்ய, இதுவரை எடுத்த அளவுகளையும் வீடியோக்களையும் கேட்டிருந்தார்கள். ஏழு வயதுக்குள் செய்தால் நல்லது என்றும் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு ஏழு முடிய ஐந்து மாதம் இருந்தது.

நான் அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். ஞாபகம் இருப்பதையெல்லாம் சொல்லு, எழுதித் தருகிறேன் என்றேன். தம்பி, அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். பிள்ளை முதன்முதலாகக் கம்பியைப் பிடித்து நின்றது, சலவை நிலையத்தில் பாய்லர் வெடித்து எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிய அன்று என்றாள். அதனால்தான் அதைப் பார்க்கக் கிடைத்ததாம். நாலு அடி வைத்த நாள், பிறகு காய்ச்சல் வந்து அந்த நாலும் இரண்டான நாள், எல்லாம் சொன்னாள். பதினாலு பக்கம் எழுதினேன். மேடம் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார்.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். அங்கே இருந்த டாக்டர் பதினாலு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு, இது ஒரு அம்மாவோட ஞாபகம்மா, இதை வச்சு நான் எலும்பை வெட்ட முடியாது என்றார். புதிதாக ஒரு வருடம் அளந்து எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். திரும்பும் வழியில் வாயாடி ஜன்னலோரம் உட்கார்ந்து கடைப் பலகைகளையெல்லாம் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். அவள் அம்மா என் கையைப் பிடித்து, நீங்க எவ்வளவோ அலைஞ்சீங்கக்கா என்றாள். அவளுக்கு எதுவும் தெரியாது. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாளே மெக்கானிக்கிடம் சொல்லிவிட்டேன். பட்டறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டார். அன்னைக்குக் கூட்டத்துல சொல்லியிருக்கலாமேக்கா என்று மட்டும் கேட்டார். மறுநாள் நம் சங்கத்துப் பெட்டியை, அந்தப் பென்டிரைவ்கள், துண்டறிக்கைகள், நம் மென்பொருளின் சின்னமான பென்குயின் ஸ்டிக்கர்கள் எல்லாவற்றையும் என் கடை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வரவில்லை. கடையைத் தாண்டிப் போனால் தலையை ஆட்டுகிறார். கோபம் இருந்தால் ஒருநாள் ஆறும். அவரிடம் கோபமும் தெரியவில்லை.

போன வாரம் ஒருத்தர் கண்ணாடி வாங்க வந்தார். பெட்டியைப் பார்த்துவிட்டு, இது என்ன, கம்ப்யூட்டர்ல போடறதா, இலவசமா என்று கேட்டார். கண்ணாடி துடைக்கும் துணியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

இனி நான் இதை எழுத உட்கார்ந்த காரணம். இங்கே இருந்தவரை அந்தக் கம்ப்யூட்டரைச் சோதிக்க உன் பழைய லேப்டாப்பையும் மையத்துக்குக் கொண்டுவருவாய். அப்போது ஏதாவது பிரதி அதில் தங்கியிருக்குமா? வாயாடியின் முதல் இரண்டு வருடம் கிடைத்தால்கூட டாக்டரிடம் மறுபடி போய்க் கேட்கலாம். பிள்ளைகள் விவரம் மையத்தைவிட்டு வெளியே போகக் கூடாது என்று எங்களுக்குச் சட்டம் போட்டவன் நீ. அந்த லேப்டாப்பையே யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொன்னதாகவும் ஒரு ஞாபகம். நீ நீயாக இருந்திருந்தால் அதில் ஒன்றும் இருக்காது. ஒரு நாளாவது, ஒரே ஒரு நாளாவது, நீ கவனக்குறைவாக இருந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

தேடிப் பார். இல்லையென்றால் இல்லை என்று ஒரு வரி எழுது, அது போதும். அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் நானே போய்ச் சொல்கிறேன்.

போன மாதம் நீ அனுப்பிய படத்தில் உன் மகள் சோபாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பதில் போடாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. படத்தைப் பெரிதாக்கி அவள் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தை விழாமல் நடக்கட்டும், நன்றாக ஓடட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா